முழிக்கண்ணி போன வழி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் அவருடைய தையல் மிஷினும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நானாகவே நம்பிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். உன் அண்ணன் பேச்சை எடுத்தால் சிக்னலே போய்விடும். அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் போகிற சிக்னலை உன் ஊரில்தான் பார்க்கிறேன். கடிதமென்றால் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக ஆனது, இப்போது ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவதில்லை, அதற்குப் பதிலாக ஜன்னல் திரையில் நான் எந்தக் காலத்திலோ போட்ட தையல் கோணல் என்று கண்டுபிடித்துப் பிரித்து வைத்திருக்கிறார், இரண்டு நாளாகத் திரை இல்லாமல் தெருவே நம் வீட்டை வேடிக்கை பார்க்கிறது. மாடி வீட்டு டீச்சர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனதில் நம் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது, கேட்டால் சிரிக்கிறாள், நானும் சிரித்துவிட்டு வந்து இங்கே பொருமுகிறேன். என் முழங்கால் படியில் ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லும். ஓய்வு பெற்றும் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் என்னை விடவில்லை, வகை தெரியாத அவரைக் கொடி எது வந்தாலும் ‘அவரையம்மாகிட்ட குடுங்க’ என்று என் மேஜையில் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். அப்பாவுக்கும் அதில் நிம்மதிதான். இவளை வீட்டில் உட்கார வைத்தால் என்னையே வகை பிரித்துக் காயவைத்து அட்டையில் ஒட்டிவிடுவாள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

நம் முழிக்கண்ணியை நீ மறந்திருக்க மாட்டாய். நீயும் அண்ணனும் சின்னவர்களாக இருந்தபோது, சமையலுக்கு வாங்கிய அவரைப் பயறில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்ததே, வெளிர்ந்த உடம்பு, கொடியோடு ஒட்டியிருந்த தழும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பில் ஒரு வளையம், யாரோ திடுக்கிட்டு முழிப்பது மாதிரி. அவன்தான் அதைப் பின்பக்கச் சுவரோரம் ஊன்றினான், நீதான் பெயர் வைத்தாய். ஒவ்வொரு வருஷமும் வளையம் பெரிதாக இருக்கும் விதையாகப் பொறுக்கிப் பொறுக்கி நான் விதைத்ததில் அது நம் வீட்டுக்கென்றே ஒரு ரகமாகிவிட்டது. நிலையத்துச் சேகரிப்பில் நான் அதைச் சேர்க்கவே இல்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை, அது நம் நால்வருடைய விளையாட்டாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அண்ணன் நிலையத்திலேயே விதை சேகரிக்கும் வேலைக்கு வந்த பிறகு, மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய முழிக்கண்ணி எடுத்துப் போவான், ஞாபகமிருக்கிறதா? காட்டு அவரை விதையை எந்த இடத்தில் எடுக்கிறானோ அந்த இடத்தில் விரலால் குழி குத்தி நம் விதை மூன்று நான்கு போட்டுவிட்டு வருவான். ‘காட்டுக்கிட்ட சும்மா வாங்கக்கூடாதும்மா’ என்பான். நான் தலையில் அடித்துக்கொள்வேன். காட்டு வகைக்குப் பக்கத்தில் வீட்டு வகையை நட்டால் இரண்டும் கலந்து போகும், நாளைக்கு எது எதென்று என்னைப் போல ஒருத்தி மண்டையை உடைத்துக்கொள்வாள் என்று கத்துவேன். ‘அது நீயாவே இருந்தா கண்டுபிடிச்சுடுவே’ என்று சிரித்துவிட்டுப் போவான். அந்தப் பை அப்பா தைத்தது, உன் பள்ளிச் சீருடைக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலத் துணி, அவன் கண்டதையும் திணிப்பான் என்று நீல நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

அவன் போன பிறகும் அப்பா வருஷம் தவறாமல் அதை விதைக்கிறார். கொடி கம்பியில் ஏறும், பூக்கும், காய்க்கும், உரித்துக் காயவைத்துப் பாட்டிலில் போடுவார், ஒருவரும் வாயில் வைப்பதில்லை. சமையலறை மேல் தட்டு முழுக்க அந்தப் பாட்டில்கள்தான். நான் அடுப்பில் நிற்கும்போது முதுகில் பார்வை படும். நான் அறிவியல் படித்தவள், விதைத் தழும்புக்குப் பார்வை கிடையாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் முன்னால் ஒரு துணியைத் தொங்கவிடுவேன், மறுநாள் அப்பா அதை எடுத்திருப்பார், மறுபடியும் அத்தனை முழியும் என்மேல். கொல்லையில் அவர் கொடிக்குத் தண்ணீர் விடும்போது ‘வந்துட்டியா, ஏன் இவ்வளவு நேரம்’ என்று மெல்லக் கேட்பார். யாரிடம் என்று நான் கேட்டதில்லை. காய்ந்த கொடி கம்பியில் உரசும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் வாசலைப் பார்ப்போம், அப்புறம் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இப்படித்தான் இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கிறோம், நீ கேட்டால் நன்றாயிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தில் இப்போது விதை சேகரிப்பவரைக் குதிரைக்கால் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு நீளக் கால், அண்ணன் காலத்துக்குப் பிறகு வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், நம் கதை தெரியாது. அவர் போன வாரம் மலையிலிருந்து இறங்கி வந்தார். எந்த மலை என்று நான் எழுதப் போவதில்லை, நமக்கு ஒரு மலைதானே உண்டு. பழைய செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்த கொடிகளை என் மேஜையில் பரப்பிவிட்டு, ‘மேடம், இது ரெண்டுங்கெட்டானா இருக்கு, காட்டுதுன்னும் சொல்ல முடியல, வீட்டுதுன்னும் சொல்ல முடியல, புது இனமா இருந்தா உங்க பேரையே வெச்சுடலாம்’ என்று குதித்தார். எனக்கும் உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. அட்டையில் பெயர் வருவதென்றால் எந்த வயதிலும் கசக்காது.

உனக்கு நான் சின்ன வயதில் சொன்னதுதான், மறந்திருப்பாய், ஏனென்றால் அப்போதும் நீ கேட்கவில்லை. காட்டு அவரையின் காய் முற்றிக் காய்ந்ததும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு பட்டென்று வெடித்து விதையை எட்டி வீசும். விதை சின்னது, மண் நிறத்தில் புள்ளி விழுந்திருக்கும், எலியின் கண்ணில் படாது. தோல் தண்ணீரை உள்ளே விடாது, ஒரு விதை இந்த மழைக்கு முளைத்தால் பக்கத்து விதை எத்தனையோ மழை தாண்டித்தான் முளைக்கும். வீட்டு அவரை அப்படி இல்லை. ஆயிரமாயிரம் வருஷமாக மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி, விதை பெரிதாகி, நிறம் பளிச்சென்றாகி, ஈரம் பட்டதுமே ஊறி முளைக்கப் பழகிவிட்டது. முக்கியமாக அதன் காய் வெடிக்காது. காய்ந்தாலும் மூடியபடியே கொடியில் தொங்கும், யாராவது வந்து உரிக்க வேண்டும். குதிரைக்கால் கொண்டுவந்த கொடியில் இரண்டு விதக் காயும் இருந்தன, சில முறுக்கியிருந்தன, சில மூடியபடி இருந்தன. பூவை வெந்நீரில் போட்டு விரித்து, படகு போன்ற அடியிதழையும் சூல்தண்டின் மயிரையும் லென்சில் பார்த்தேன். காட்டுக்கும் வீட்டுக்கும் பூ ஒன்றுதான், இரண்டும் ஒரே இனத்தின் பிள்ளைகள், அதனால் பூ ஒன்றும் சொல்லவில்லை. காய்கள் இருந்த காகித உறையைப் பிறகு பார்க்கலாம் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலையில் இருந்தேன்.

நல்ல மத்தியான வெயில், அறையில் நான் மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் பட்டென்று ஒரு சத்தம். உறை துள்ளியது, ஒரு விதை அதிலிருந்து தெறித்துத் தரையில் உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. வெயிலில் காய் வெடித்திருக்கிறது, இதற்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை நான், வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம். குனிந்து எடுத்தேன். நம் விதையில் பாதிதான் இருக்கும், உடம்பெல்லாம் சாம்பல் புள்ளி, ஆனால் தழும்பைச் சுற்றி அந்த வளையம் இருந்தது, தங்கமே. கருஞ்சிவப்பு வளையம். அது என்னைப் பார்த்தது என்று எழுதுகிறேன், உன் அம்மாதான் எழுதுகிறேன், புத்தி சரியாகத்தான் இருக்கிறது. உறையைக் கொட்டினேன், எல்லாமே முழித்தன. சில சின்னதாக, காடு ஏறிப்போன மாதிரி, சில அப்படியே நம் பாட்டிலிலிருந்து எடுத்துப் போட்டது மாதிரி.

உடனே நான் நம்பிவிடவில்லை. வளையம் வேறெங்கும் தானாக வரக்கூடாதா, வரலாம் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். குதிரைக்காலைக் கூப்பிட்டு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஓடை வழியில், அருவிக்கும் மேலே, ஒரு பாறையின் அடியில் என்றார். கீழேயிருந்து அங்கே ஏற முடியாதாம், எதிர்ப்பக்க முகட்டிலிருந்து கயிறு கட்டி இறங்கினாராம், சுற்றிலும் மனித வாசனையே கிடையாதாம். அங்கங்கே இருந்ததா, சேர்ந்து இருந்ததா என்று கேட்டேன். இந்த ஒரு கேள்விக்குள் நான் இருந்த இருப்பை உனக்கு எப்படிச் சொல்வது. அவன் நட்டதென்றால் மூன்று நான்கு இருக்கும், கொஞ்சம் தள்ளி இன்னும் மூன்று நான்கு இருக்கும், நட்டுவிட்டு நடந்து போயிருப்பான். ‘ஒரே இடம்தான் மேடம், பாய் விரிச்ச அளவு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, யாரோ பையோட கொட்டினாப்புல’ என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன்.

அவர் ஒழுங்கான ஆள், ஒரு செடியை வேரோடு தோண்டி, மண்ணோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேரைக் கழுவினேன். வேர் முடிச்சுகளுக்கு நடுவே வேறேதோ செடியின் நார் சிக்கியிருக்கிறது என்று பிய்த்தேன், பிய்யவில்லை. கழுவக் கழுவ நீலமாக வந்தது. நூல். துணி மக்கிப் போய், பருத்தி இழை இருந்த இடமெல்லாம் வேர் புகுந்து, நைலான் தையல் மட்டும் இரட்டை வரிசையாக நிற்கிறது, முனையில் முடிச்சோடு. உன் அண்ணன் அங்கேதான் இருக்கிறான். இருந்தான் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறான் என்றே எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் ஒரு விதையையும் அந்த நூலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா முன்னறையில் பஸ் கண்டக்டர் ஒருவரின் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் விதையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், உடனே சிரிப்பு. ‘நம்ம முழிக்கண்ணி இல்ல? என்னடி, இப்படி இளைச்சுக் கறுத்துப் போயிருக்கா, எங்க சுத்திட்டு வந்தா?’ என்றார். நான் நூலைப் பக்கத்தில் வைத்தேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. நகத்தால் தையலை நீவினார், முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘என் முடிச்சு’ என்றார். அவ்வளவுதான். அப்புறம், அந்த ஆள் வந்துவிடுவார், முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று பேன்ட்டை எடுத்து மிஷினில் வைத்தார், மிஷின் கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, நின்றது. அழுதார், நானும் அழுதேன். மாடி டீச்சர் இறங்கி வந்து என்னவென்று தெரியாமலே எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள், சுவர் விஷயத்தில் அவளை மன்னித்துவிட்டேன்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அப்பா மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கி முழிக்கண்ணியை ஊறப்போட்டிருந்தார். மத்தியானம் உப்புப் போட்டு வேகவைத்தோம். பழைய விதை, வேகவே மாட்டேன் என்றது, அரைவேக்காட்டிலேயே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ‘அவன் இருந்தா இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பான்’ என்றார். ஆமாம் என்றேன். அவனைப் பற்றி இப்படி இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியே எவ்வளவோ காலமாகிவிட்டது.

இனி உன்னிடம். இதற்காகத்தான் இந்தக் கடிதம். மலையேறுவதற்கு முன்னால் கடைசியாக அவன் பேசியது உன்னோடு. ‘ஓடை வழியா ஏறுறேன், அப்பாகிட்ட சொல்லாதே, பயப்படுவார்’ என்று உன்னிடம் சொன்னான். அவன் திரும்பாதபோது தேடப் போனவர்களிடம் நீ அதைச் சொன்னாய். ஓடையோடு போனார்கள், அருவி வரைக்கும் தேடினார்கள், அதற்குமேல் மனிதன் ஏற முடியாது என்று திரும்பினார்கள், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மற்றப் பக்கம் தேட வழியில்லாமல் போனது. தேடப் போனவர்களின் தலைவர் நம் முன்னறையில் எல்லோரும் இருக்கும்போது, அந்தப் பெண் பேச்சைக் கேட்டு நாளெல்லாம் வீணாகிவிட்டது என்றார். உன் பெரியப்பா வேறு, ‘புள்ள பதட்டத்துல குழப்பிட்டா, விடுங்க’ என்று பெரிய மனசோடு உன்னை மன்னித்தார். நீ வெட்டுத்துணிக் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நீலத் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாய். அப்புறம் உலகப் படத்திலேயே இதைவிடத் தூரம் கிடையாது என்கிற ஊரில் வேலை தேடிக்கொண்டாய். நானும் அப்பாவும் உன்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை, ஆனால் நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல எங்கள் கையிலும் ஒன்றும் இல்லை.

இப்போது இருக்கிறது. அவன் ஓடை வழியாகத்தான் போனான். ஏற முடியாது என்று அவர்கள் திரும்பிய அருவியையும் ஏறி, அதற்கு மேலேயும் போயிருக்கிறான். நீ சொன்னது சரி. ஒரு எழுத்துப் பிசகாமல் சரி. அவர்கள் உன் பேச்சை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் போன் போட்டு இதை இப்படியே சொன்னேன், மறுமுனையில் இருமினார், இருமட்டும் என்று வைத்துவிட்டேன்.

என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அந்தப் பாறையடியில் முதல் மழைக்கு நம் விதைகள் முளைத்திருக்கும், பூத்துக் காய்த்திருக்கும், காய்கள் வெடிக்கத் தெரியாமல் மூடிக்கொண்டு, உரிக்க ஒரு கை வருமென்று தொங்கியிருக்கும். ஒருவரும் போகவில்லை. காய் அங்கேயே மக்கி, அங்கேயே முளைத்து, பக்கத்திலிருந்த காட்டுக்கொடியோடு கலந்து, மெல்ல மெல்ல வெடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வருஷங்களில் எல்லாம் அவனுக்குத் துணையாக அது மட்டும்தான் இருந்திருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது, கொஞ்சம் ஆறவும் செய்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில்.

குதிரைக்காலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீளக் காலை மடக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு மாதிரியிலும் இன்னது என்று முடிவு எழுதி ஒட்ட வேண்டுமல்லவா, அதில், ‘புது இனமல்ல, வீட்டு அவரை, காட்டு வகையோடு கலந்தது, மூலம் எங்கள் கொல்லை’ என்று எழுதினேன். அடியில் ‘கொண்டுபோனவன் என் மகன்’ என்றும் எழுதினேன். அப்படி எழுத வழக்கமில்லை, மேலதிகாரி பார்த்தார், பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மலையில் இப்போது மழை, அது நின்றதும் போலீசாரும் வனத்துறை ஆட்களும் கயிறு கட்டி இறங்கப் போகிறார்கள், வழிகாட்டக் குதிரைக்கால் போகிறார். நானும் அப்பாவும் அடிவாரம் வரை போவதாக முடிவு செய்துவிட்டோம், முழங்கால் என்ன சொன்னாலும் சரி. நீ வந்துவிடு, அம்மாடி. ஆபீசில் குடும்ப வேலை என்று சொல், பொய் இல்லையே. நழுவாத செருப்பாகக் கொண்டு வா, அந்த உயரக் குதிகால் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே. பெரியப்பா வந்தால் நீ பேச வேண்டாம், நான் இருக்கிறேன். உன் அறையை அப்பா துடைத்துவிட்டார், முன்னறைத் திரையையும் தைத்துவிடுவார் என்று நம்புகிறேன். நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், நல்ல தூக்கம் தூங்க வேண்டும், நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்பதில்லை. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, போனில் சொன்னாலும் சரி, இந்த முறை சிக்னல் போகாது.

எப்போதும் உன்
அம்மா

பின்குறிப்பு: மலை விதை ஒன்றை இந்த உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன், பிறகு பிரித்து எடுத்துவிட்டேன். எல்லை தாண்டி விதை அனுப்பக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். அதை ஈரத்துணியில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் நம் வீட்டு விதை ஒன்றும். வீட்டு விதை முளைவிட்டுவிட்டது, மலை விதை இன்னும் ஊறக்கூட இல்லை, காட்டுத் தோல். கத்தி முனையால் லேசாகக் கீறினால் முளைத்துவிடும். கத்தியை எடுத்தேன், அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். ‘இருக்கட்டும், அவ வந்து கீறட்டும்’ என்கிறார்.